பாக்கெட்டில் இல்லாத ஃபியூஸ்

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். நான். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். கயிறு பிடிக்கிற அக்கா. வேக்யூம் மெஷின் ஓட்டும் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அப்புறம் அந்த அபார்ட்மென்ட்டின் எலெக்ட்ரீஷியன். அவர் காலையில் வந்து பம்ப் ரூமைத் திறந்து விட்டுவிட்டு வேறு பிளாக்குக்குப் போய்விட்டார். இடம், பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட். போன வருஷம், மழை விட்ட சமயம்.

எங்கள் வேலை தண்ணீர்த் தொட்டி கழுவுவது. தரைக்கு அடியில் இருக்கிற சம்ப்புக்குள் ஆள் இறங்கித் தேய்க்க வேண்டும். நாங்கள் நாலு பேர் ஒரு டீம். நான்தான் மேஸ்திரி.

பயந்தாங்கொள்ளி மேஸ்திரி என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். மெஷின் மேல் எழுதியிருக்கிற இங்கிலீஷ் பாதி புரியாது. அதனால் சின்ன வயதிலிருந்தே எதையும் ரெண்டு தடவை கேட்டுத்தான் செய்வேன். மேஸ்திரி ஆன பிறகு அது மூணு, நாலு தடவை ஆகிவிட்டது. "ஃபேன் போட்டாச்சா? உள்ள காத்து சரியா இருக்கா? கயிறு இறுக்கமா இருக்கா?" கேட்டுவிட்டு ரெண்டு நிமிஷத்தில் திரும்பவும் அதையே கேட்பேன். டீமில் எனக்குப் பேரே 'டவுட்டு மேஸ்திரி'. ஒரே கேள்வியை மூணாவது தடவையிலிருந்து கேட்கிற ஒவ்வொரு தடவைக்கும் எனக்குப் பத்து ரூபாய் ஃபைன் என்று அக்கா ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை எல்லாருக்கும் அந்தக் காசில்தான் போண்டா. போண்டா இல்லாத சனிக்கிழமை கிடையாது.

ஒரு வேலையை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்குவது. அதை என் கையாலேயே எடுத்து என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். சம்ப் வாய்க்கு வந்து, பாக்கெட்டைத் தட்டி, "என்கிட்ட இருக்கு" என்று சொல்வேன். அப்புறம்தான் ஆள் இறங்குவான்.

அதற்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். இன்னொரு டீமையும் என்னிடமே கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. "உன் பயம்தான்யா உன் பலம். இத்தனை வருஷத்துல உன் டீம்ல ஒரு அடி பட்டதில்ல. ஆனா எல்லாத்தையும் நீயே பண்ணா ரெண்டு டீமை எப்படிப் பாத்துப்ப? ஆளுங்கள நம்பிப் பழகு" என்றார். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

அப்படியே இருந்தேன். சம்ப்பில் தண்ணீரை இறைத்து முடித்தோம். அடியில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் மிச்சம். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஏனு மேஸ்த்ரி, இன்னிக்கு மௌன விரதமா?" என்று கன்னடக்காரர் சிரித்தார். மச்சான் பம்ப் ரூம் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். ஃபியூஸை எடுத்துவிடுவான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் பழையபடி டவுட்டு மேஸ்திரி ஆகிவிடுவேனே! அவன் போனது அங்கே மாட்டியிருந்த கயிற்றை எடுக்க என்று பிறகுதான் தெரிந்தது.

நான் மேலே அசோசியேஷன் ஆபீஸுக்குக் கையெழுத்துப் போடப் போனேன். பேனாவுக்காகச் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டேன். பாக்கெட் லேசாக இருந்தது.

அந்த லேசு இன்னும் என் விரலில் இருக்கிறது. வேலை நேரத்தில் அந்தப் பாக்கெட் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், கனமாகத் தொங்கும். ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. நான்தான் எடுத்திருப்பேன் என்று நினைத்து அவர்களும் எடுத்திருக்க மாட்டார்கள். அந்த மோட்டார் ஆட்டோமேட்டிக். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓட ஆரம்பித்துவிடும். சம்ப்புக்குள் இறங்கும் அதன் ஒயரில் டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் ஒன்று இருந்ததைக் காலையில் நானே பார்த்திருந்தேன்.

போன் போட்டேன். பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. ஓடினேன். கார் இறங்குகிற சரிவில் பாதி தூரம் போயிருப்பேன், கீழே 'உர்ர்ர்' என்று மோட்டார் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

என் மனைவி முகம்தான் கண்ணில் வந்தது. அவளிடம் போய் என்னவென்று சொல்வேன்? அவள் தம்பியை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவனே நான்தானே.

கீழே போய்ப் பார்த்தால், சம்ப் வாயில் மச்சான் காலை உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இடுப்புக் கயிற்றைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் நின்றார். ரெண்டு பேருக்கும் சண்டை.

"மாமா, இந்த அக்காவ என்னன்னு கேளு. இறங்கவே விட மாட்டேங்குது."

"இன்னிக்கு மேஸ்திரி பாக்கெட்ட தட்டவே இல்லடா. அவர் வந்து தட்டட்டும். அப்புறம் நீ எங்க வேணா குதி" என்றார் அக்கா.

நான் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ரெண்டு பேரும் தரையில் விழுந்தோம். கன்னடக்காரர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மோட்டாரைத் திரும்பப் போட்டு, டெஸ்ட் லேம்ப்பின் ஒயரைச் சம்ப் தண்ணீரில் விட்டார். பல்பு எரிந்தது; தண்ணீரில் கரண்ட் இருந்தது.

மச்சான் அந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தன் காலைப் பார்த்தான்.

ஒயரை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டு அன்றைக்குக் கிளம்பிவிட்டோம். டெம்போவில் நாங்கள் குடியிருக்கும் சந்தாபுரா வந்து சேரும்வரை "உனக்கு ஒண்ணும் இல்லையேடா?" என்று அவனைக் கேட்டுக்கொண்டே வந்தேன். "இல்ல மாமா, இருக்கேன் மாமா" என்று அவனும் சொல்லிக்கொண்டே வந்தான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விரல் விட்டு எண்ணியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

காண்ட்ராக்டர் சொன்னதில் தப்பில்லை. நான்தான் 'நம்பிப் பழகு' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'பயம்தான் பலம்' என்றதை விட்டுவிட்டேன். எல்லாருடைய பயத்தையும் நான் ஒருவனே சுமந்ததால், அவர்கள் பயப்படவே மறந்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதை நான் கீழே வைத்த அன்றைக்கு, எடுத்துக்கொள்ள யாரும் இல்லை, அக்காவைத் தவிர.

இப்போது ரெண்டு டீமும் என்னிடம்தான். ஃபியூஸ் என் பாக்கெட்டில் இருப்பதில்லை. யார் இறங்குகிறாரோ அவரே போய்ப் பிடுங்கி, அவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கயிறு பிடிப்பவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று ஒரே ஒரு தடவை கேட்பேன். ரெண்டாவது தடவை கேட்க நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்வேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மோட்டார் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலையில் அக்கா கணக்குச் சொன்னார். டெம்போவில் நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் ஃபைன் நூற்றி எழுபது ரூபாய். நீட்டினேன், வாங்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, அது பாக்கியாவே இருக்கட்டும்" என்றார். ஒரு உயிரை வைத்துக்கொண்டு எவ்வளவு பயப்பட வேண்டும், எந்த இடத்தில் அடுத்தவரிடம் விட வேண்டும் என்று நான் தடுமாறுகிற போதெல்லாம் ஞாபகம் வருவது, இன்னும் நான் கட்டாத அந்த நூற்றி எழுபது ரூபாய்தான்.