கையில் தெரியும்படி ஒரு கேபிள்

கோவையில் குண்டுகள் வெடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. சந்திப்புக்குச் சந்திப்பு மணல் மூட்டை, துப்பாக்கி, சோதனை. நான் அப்போது மில்களுக்கு நெட்வொர்க் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

சிங்காநல்லூர் மில் ஒன்றில் ரவுட்டரும் மோடமும் தயார். கூட வந்த சீரியல் கேபிள்தான் உதவவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், இரண்டாவது பின் மறுமுனையில் மூன்றுக்குப் போயிருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும் குறுக்குக் கேபிள் அது. மோடத்துக்கு நேர்க் கேபிள் வேண்டும். கிளாக் சிக்னல் வரும் பின்களுக்கும் ஒயர் இருக்க வேண்டும். கடையில் தொங்கும் கேபிள்களில் அந்த ஒயர்கள் இருக்காது.

முஸ்லிம்கள் அதிகம் வாழும், போலீஸின் கண் பதிந்திருந்த உக்கடம் பக்கம் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் நண்பர் இருந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் பின் எண்களைச் சொல்லச் சொல்லப் பற்றவைத்துக் கொடுத்தார். கேபிளை வைக்கப் பையைத் திறந்தேன். பாய் தடுத்தார்.

“பையில வெக்காதீங்க. கையிலயே எடுத்துட்டுப் போங்க. எல்லாருக்கும் தெரியட்டும்.”

கேபிளைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்தபடி புறப்பட்டேன். சுங்கம் சந்திப்பில் போலீசார் என் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

“ஏனுங்க, இது என்னங்க?” என்றார் போலீஸ்காரர்.

“கம்ப்யூட்டர் கேபிளுங்க சார். மில்லுக்கு.”

“கடைச் சாமானாட்டத் தெரியலீங்களே. எங்கீங்க செஞ்சது?”

அவர் அதட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உக்கடம் என்று சொன்னால் சாயங்காலம் பாயின் கடை வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

“கணபதியில எங்க ஊட்லங்க. நானே செஞ்சுபோட்டேன்.”

“அப்பப் பிரிச்சுக் காட்டுங்க.”

கனெக்டரின் மூடியைக் கழற்றினேன். “இது அனுப்புற ஒயருங்க. இது வாங்குறது. இது ரெண்டும் கிளாக்குங்க.”

“கிளாக்கா?”

அவர் ஓரடி பின்னால் போனார். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவரின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

“கடிகாரம் இல்லீங்க சார்! மில்லுக்குப் போன் பண்ணிக் கேளுங்க!”

பக்கத்துக் கடைப் போனில் மில் மேனேஜர் கிடைக்கும்வரை என்னை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். பிறகு வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டு அனுப்பினார்கள்.

கேபிளைச் செருகியதும் இணைப்பு வந்துவிட்டது. மில்லிலிருந்தே பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“என் பேரச் சொல்லலீங்களே?”

“இல்லீங்க பாய்.”

“இனி இந்த வேலை எனக்கு வேண்டாமுங்க. கனெக்டர் தாரேன், ஊட்ல நீங்களே பத்த வெச்சுக்குங்க.”

அப்படித்தான் செய்தேன். தெருவில் போலீஸ் ஜீப் ஏதாவது வேகம் குறைத்தால், சால்டரிங் அயர்னின் சுவிட்சை அணைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.