பாரமில்லாத எடிட்டர்

என் மனைவி கம்பளிக் குல்லா பின்னுவாள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் விற்க ஓர் இணையப் பக்கம் வேண்டும், பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவேண்டாம் என்பது அவளுடைய ஆசை. "நம்ம பக்கம் எப்பங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்களிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மட்டும்தான் ஓடும். அதற்குத் தகுந்தாற்போல், பக்கத்துக்கான எச்.டி.எம்.எல். குறியீடுகளை எழுதப் பாரமில்லாத எடிட்டர் மென்பொருள் ஒன்றைத் தேடினேன்.

"கொழுந்து நிறை குறைஞ்சா எனக்கு அரைப்பேர் போட்டு அரைச் சம்பளந்தான் தர்றாங்க. உங்களுக்கு நிறை குறைஞ்சாத்தான் சந்தோஷமாக்கும்!" என்று சிரித்தாள்.

இரண்டை ஏற்றிப் பார்த்தேன். ஒன்றில் செய்யச் செய்யவே பக்கம் அப்படியே தெரியும். ஆனால் திறக்க வெகுநேரம் ஆகும். அவள் அருகில் உட்கார்ந்து, "செவப்புக் குல்லாவ மேல போடுங்க. ஐயோ, அவ்வளவு மேல இல்லீங்க" என்பாள். மற்றது உடனே திறந்தது, வெறும் குறியீடுகளோடு. அதை வைத்துக்கொண்டு பாரமானதை அழித்துவிட்டேன்.

மறுநாள் திரையைப் பார்த்து, "இதுல குல்லா எங்கங்க இருக்கு?" என்றாள். ஒரு வரியைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு வந்து உட்காரவே இல்லை. கூப்பிட எனக்கும் கூச்சம்.

போன மாதம் பாரமானதை மறுபடி ஏற்றிவிட்டு அவளை அழைத்தேன். "எனக்கென்ன தெரியும், நீங்களே போடுங்க" என்றாள்.

நானே முடித்து வெளியிட்டேன். ஆர்டர் எப்போதாவதுதான் வருகிறது. காலையில் கூடையோடு மலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாள்:

"உங்க பக்கத்துல யாராச்சும் குல்லா கேட்டாங்களா?"