அக்கா தூங்கிய பகல்

கட்டுக்கதை என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில். இது நடந்தது ஒரு பல் டாக்டருக்கு. வலிக்காது என்று அவள் சொன்னால் உண்மையிலேயே வலிக்காது. அப்படிப்பட்ட ஆள். ஒன்றைக் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அவளும் தம்பியும் ஒரு பழைய பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி எலக்ட்ரீஷியன். வாய் ஓயாதவன். படகில் இரண்டே பேர் என்பதால் ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். கடைசியாக அடித்த புயலுக்குப் பிறகு இருவரும் நின்றுகொண்டே சொக்கி விழுந்தார்கள். ஒரு காலையில், சிறு துறைமுகம் ஒன்றை ஒட்டிய விரிகுடாவில் நங்கூரம் போட்டார்கள். இன்றைக்கு அக்கா கரையில் தூங்குவது, நாளைக்குத் தம்பி என்று பேச்சு. காற்று அடித்ததால் நங்கூரம் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தம்பி அவளை ரப்பர் படகில் கொண்டுவந்து துறையில் இறக்கிவிட்டான். கையடக்க வயர்லெஸ் ஒன்றை அவள் கையில் திணித்தான்.

"குறட்டை விட்டு ஊரைக் கூட்டாத."

"நீ மொதல்ல குளிடா. நாத்தம் தாங்கல."

சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டுத் திரும்பிப் போனான்.

அவளுக்கு ஒரு சலவைக்கடைக்கு மேலே அறை கிடைத்தது. கடைக்காரம்மா சூடு ஆறாத துண்டு ஒன்றைக் கொடுத்து, "எவ்வளவு நேரம் வேணா தூங்கும்மா. யாரும் கதவத் தட்ட மாட்டோம்" என்றாள். குளித்துவிட்டு வந்தபோதும் தரை ஆடுவது போலவே இருந்தது. வயர்லெஸ்ஸைத் தலையணை ஓரம் வைத்தாள். மத்தியானம் வரைக்கும் அடித்துப் போட்டது போல் தூங்கினாள்.

கர்ர்ர்...

"அக்கா."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

தூங்கினாள். கீழே சலவை மெஷின்கள் உருண்டுகொண்டிருந்தன. வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தபோது மறுபடியும்... கர்ர்ர்...

"அக்கா."

"சாப்ட்டியாடா?"

"பசிக்கல."

அரைத் தூக்கத்திலும் அது அவளை உறுத்தியது. சாப்பிட்ட கை காய்வதற்குள் அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்கிறவன் அவன். இன்னொன்றும் இடித்தது. படகிலிருந்து பேசினால் பின்னால் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும், கயிறு பாய்மரத்தில் மோதும் டங்... டங்... ஜன்னல் திரை உப்பிக்கொண்டு நின்றது. வெளியே நல்ல காற்று. ஆனால் வயர்லெஸ்ஸில் அந்தச் சத்தம் இல்லை. மூடிய பானைக்குள்ளிருந்து பேசுவது போல அவன் குரல் மட்டும்.

"நங்கூரம் இழுக்குதா?"

"இல்லக்கா. கீழ நல்லாப் பிடிச்சிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பக்கத்துலதான் இருக்கேன்."

நங்கூரம் தண்ணீருக்கு அடியில் அல்லவா இருக்கிறது?

தூக்கம் போய்விட்டது. ஜன்னலுக்கு ஓடினாள். படகு அதே இடத்தில் நின்றது. ரப்பர் படகு அதன் பின்னால் கட்டியிருந்தது. மேல்தளத்தில் யாருமில்லை.

"வெளிய வந்து கைய ஆட்டு."

கர்ர்ர்...

"இப்ப முடியாது."

"ஏன்?"

"கால் மாட்டியிருக்கு."

சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்பது போலச் சொன்னான்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். துறையில் மோட்டார் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "என் தம்பி... அந்தப் படகுல..." அவர் கேனை அப்படியே வைத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

பாதி வழியில்...

"அக்கா, மெதுவா வா."

படகோட்டிக்கும் கேட்டது. "பேசுறாரேம்மா. அப்புறம் என்ன?" என்று வேகத்தைக் குறைத்தார்.

"குறைக்காதீங்க."

ஏறினாள். உள்ளே யாருமில்லை.

மேஜைமேல் படகின் வயர்லெஸ் பெட்டி. திறந்து கிடந்தது. வயர்களையெல்லாம் கழற்றி, உப்புப் படிந்த பாகங்களை ஒரு துணியில் காயப் போட்டிருந்தான். படகில் வேறு வயர்லெஸ் கிடையாது.

அவள் கையில் இருந்தது கரகரத்தது.

"கீழ பாரு."

பார்த்தாள்.

தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க முங்கியிருக்கிறான். சங்கிலி சுண்டியதில் கணுக்கால் சிக்கிக்கொண்டது. உடலைப் பார்த்த மருத்துவர், காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். அவன் முதல்முறை கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்பே. "நீங்க எவ்வளவு சீக்கிரம் ஓடி வந்திருந்தாலும் பிரயோஜனமில்லம்மா" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

படகை அங்கேயே போட்டுவிட்டு ஊர் திரும்பினாள். சில மாதங்கள் கழித்து அந்த மோட்டார் படகுக்காரர் போன் செய்தார். சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் இழுத்தார்.

"நங்கூரம் போட வர்ற படகுக்காரங்க வயர்லெஸ்ல துறைமுகத்தக் கூப்பிட்டா, நடுவுல ஒரு பையன் பேசுறானாம். 'மெதுவாப் பேசுங்க, எங்கக்கா தூங்குறா'ங்கறானாம்மா."

அன்றைக்கே கிளம்பினாள். அதே அறையை எடுத்தாள். வயர்லெஸ்ஸை மார்பில் வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் படுத்திருந்தாள். இரைச்சல் மட்டும்தான். "டேய், அக்கா வந்திருக்கேன்டா" என்று தொண்டை வற்றுகிற வரைக்கும் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் உடம்பு கேட்கவில்லை. கொஞ்சமாகக் கண்ணயர்ந்துவிட்டாள்.

எழுந்து கீழே போனபோது மோட்டார் படகுக்காரர் வெளிறிய முகத்தோடு நின்றிருந்தார்.

"இப்பதான்மா கேட்டுது," என்றார். "துறையில இருந்த எல்லாப் படகுலயும்."