நரம்பில்லாத நாக்கு

தையல்காரம்மாவிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் திட்டும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "நீங்க தச்ச சட்டை சின்னதாயிடுச்சும்மா" என்றால், "சட்டை அப்படியேதான் இருக்கு, நீதான் பெருத்துட்டே" என்பார். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்று தெருவே முணுமுணுக்கும். தையல் மட்டும் அவ்வளவு சுத்தமாக இல்லாவிட்டால் ஒருத்தரும் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

பெரும்பங்கு திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் மருமகளுக்கு. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "இவளே"தான்.

சில மாதங்களாக அந்தப் பேச்சு மெல்லக் குழறத் தொடங்கியது. சாப்பாடு இடது கன்னத்தில் தங்கியது. எல்லாப் பழியையும் புதிதாகக் கட்டிய பல்லின் மேல் போட்டார்.

ஒரு மத்தியானம் ஊசியில் கோர்க்க, நூல் நுனியை நாக்கில் நனைத்தார். மருமகள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அத்தே, நாக்கை இன்னொரு தடவை நீட்டுங்க."

"என்னடி, கிண்டலா?"

"இடது பக்கமா கோணுது அத்தே. அந்தப் பாதி சுருங்கியும் கிடக்கு."

மகன்கூட "அம்மாவை ஏன் சீண்டுறே" என்றான். அவள் கேட்டால்தானே. மறுநாள் கடையைப் பூட்டி மாமியாரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"நாக்கோட ஒவ்வொரு பாதிக்கும் தனி நரம்பு இருக்கும்மா" என்றார் டாக்டர். "மண்டையோட்டுக்கு அடியில ஒரு துளை வழியா வந்து, கழுத்துல இறங்கி, தாடைக்குக் கீழே வளைஞ்சு நாக்குக்குள்ள போகும். ஒண்ணு படுத்துட்டா, நல்ல பாதி தள்ளுற தள்ளுல நாக்கு கெட்ட பக்கம் சாயும்."

கண்ணாடியில் காட்டினார். சும்மா இருக்கும்போதே இடது பாதி புழு நெளிவதுபோலத் துடித்தது. ஸ்கேனில், அந்தத் துளையிலேயே ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் விட்டால் அக்கம்பக்கத்து நரம்புகளை அழுத்தி, குரலையும் விழுங்குவதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்றார்.

கட்டியை எடுத்தார்கள். இடது பாதி மீளவில்லை. மிச்சப் பாதியை வைத்துப் பேசப் பழக வேண்டும். மருமகள் எதிரில் உட்கார்ந்து "வாழைப்பழம்" சொல்லச் சொன்னாள். "வாயப்பயம்" என்று வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். விடாமல் சொன்னதில் ஒருநாள் ழகரம் திரும்பியது. கடையும் திறந்தது.

பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நரம்பில்லாத நாக்குன்னு சும்மாவா சொன்னாங்க?"

"எவ சொன்னா? ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு போச்சு. இன்னிக்கு உன்னைத் திட்டக் குரல் இருக்குன்னா, அது இந்த மகராசி போட்ட பிச்சை."

காஜா எடுத்துக்கொண்டிருந்த மருமகளுக்கு ஊசியின் காது தெரியவில்லை. நூல் விலகி விலகிப் போனது. தையல்காரம்மா ஊசியை வாங்கினார். நூல் நுனியைக் கோணல் நாக்கில் நனைத்து, கோர்த்துக் கொடுத்தார்.