தொண்ணூறைத் தொட்டால் எனக்குப் பால்கனி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நம் அணியில் யாராவது தொண்ணூறு ரன்னைத் தொட்டதும் நான் டிவி முன்னாலிருந்து எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும். நான் பார்த்தால் அவுட்டாம்! கல்யாணமான புதிதில் ஏதோ சில தடவை அப்படி ஆகித் தொலைந்ததை வைத்து என் கணவர் போட்ட சட்டம். திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்து ரெண்டு பேரும் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறோம். புத்தி மட்டும் இப்படி.

வீடு ஹப்சிகுடாவில். உப்பல் மைதானம் பக்கம்தான். அங்கே மேட்ச் நடந்தால், பால்கனியில் நிற்கும் எனக்குக் கூட்டத்தின் சத்தம் முதலில் கேட்டுவிடும். டிவியில் அந்தப் பந்து கொஞ்சம் கழித்துத்தான் வரும். "அடிச்சாச்சு!" என்று நான் கத்துவேன். "வாய மூடு, இன்னும் பந்தே போடல!" என்று இவர் உள்ளேயிருந்து பதறுவார். இப்படி உப்பலில் அடித்த சதங்களையெல்லாம் காதால் கேட்டவள் நான். கண்ணால் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வயிறு எரியாதா?

அதனால் இந்த முறை டிக்கெட்டை நானே எடுத்தேன். ஒரு சதம், ஒரே ஒரு சதம், நேரில் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று இவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்கு நம் ஆள் வெளுத்து வாங்கினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. தொண்ணூறு வந்தது. இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மம்மீ, ப்ளீஸ், பயட்டிக்கி வெள்ளு!" இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவசரத்துக்குத் தெலுங்குதான் வரும். நான் வெளியே போகணுமாம்!

"டிக்கெட் எடுத்தவ நானு. வேணும்னா நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றேன்.

பின்வரிசைப் பையன்களின் சட்டமோ நேர்மாறு. தொண்ணூறுக்கு மேல் யாரும் அசையவே கூடாது. நான் துப்பட்டாவைச் சரிசெய்ததற்கே, "ஆன்ட்டி, ஹிலோ நக்கோ!" என்று அதட்டினார்கள். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பாரு, ஊரே என்னை உட்காரச் சொல்கிறது!

தொண்ணூற்றொன்பது. அதோடு நின்றுவிட்டார். பந்து மேல் பந்தாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பந்து மட்டையின் விளிம்பில் பட்டு எழும்பி, பாய்ந்து வந்த ஃபீல்டரின் விரலில் உரசிக் கீழே விழுந்தது. மைதானம் மொத்தமும் "ஐயோ" என்றது. அத்தனை வருஷம் கேலி செய்தவள் அந்த நிமிஷம் நம்பிவிட்டேன். இவ்வளவு பாடுபட்டவர் என்னால் அவுட்டாகிவிடக் கூடாதே என்று எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க போற?"

"விடுங்க. கேட் பக்கம் போய் நின்னுக்கிடுதேன். பாவம், அந்தாளு அடிச்சிரட்டும்."

"அவுட்டானா ஆயிட்டுப் போறான். நீ இரி. நீ பாக்கணும்."

உட்கார்ந்தேன். பந்து வந்தது. மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினார். எதிர்முனையில் இருந்தவர் பாதி தூரம் ஓடும்போதே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். இதெல்லாம் பால்கனியில் நின்றால் காதில் விழுமா? சதம்! அடித்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்தது, மட்டையை எங்கள் பக்கம் உயர்த்தியது, எல்லாம் பார்த்தேன். முன்னால் எல்லாரும் எழுந்து மறைத்ததால் நாற்காலி மேலேயே ஏறி நின்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பாத்தேங்க! முழுசாப் பாத்தேன்!" என்று இவர் தோளைப் போட்டு உலுக்கினேன். "அவரு கையத் தூக்கினாருல்லா, அதப் பாத்தீங்களா?"

"இல்ல" என்றார் இவர். "யாராவது ஒராளு பாக்காம இருக்கணும்லா. நான் கண்ண மூடிக்கிட்டேன்."