எழுவைதீவு எஞ்சினும் எட்டு வருடத்துப் பதிவும்

"பிள்ளை, எல்லாத்தையும் எரிச்சுப் போட்டியளோ?"

ஊர்காவற்றுறை வங்கிக் கிளையில் என் மேசைக்கு முன் வந்து நின்ற மரியதாஸ் அண்ணையின் முதல் கேள்வி அது. பின்னால் அவருடைய மனைவி சிசிலியா அக்கா. இருவரும் எழுவைதீவிலிருந்து காலை வள்ளத்தில் வந்திருந்தார்கள்.

"எதை அண்ணை?"

"பழைய கணக்கை. ஆறு வருஷம் போனா பாங்கில ஒண்டும் இருக்காதெண்டு சொல்லினம்."

விடயம் இதுதான். களவு போன அவருடைய படகு எஞ்சின் காரைநகரில் பிடிபட்டிருந்தது. அதை வைத்திருந்தவரோ, தான் காசு கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் கடைக்குப் பணம் கட்டியதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள் பொலிசார். பில் கடல்தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது, கடையையும் மூடிவிட்டார்கள். எஞ்சின் கைக்கு வரும்வரை அவர் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1. ஆறு வருடம் என்றால் என்ன?

ஆறு வருடம் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதற்குள் அழிக்கக்கூடாது. அது முடிந்ததும் அழித்தே ஆகவேண்டும் என்று பொருளில்லை. கவுண்டரில் நிரப்பும் துண்டுகள் போயிருக்கலாம். ஆனால் கணினியில் ஏறிய கணக்கு விபரங்களை எங்கள் வங்கி கொழும்புக் காப்பகத்தில் அதைவிட நீண்டகாலம் வைத்திருக்கிறது. கிளையின் திரையில் தெரியாது, அவ்வளவுதான்.

கணக்கு இலக்கம், மாதம், தொகை மூன்றையும் கேட்டு, கையொப்பமும் வாங்கி விண்ணப்பம் அனுப்பினேன். அடுத்த வாரம் பதில் வந்தது: அந்த மாதம் அப்படியொரு கொடுப்பனவு இல்லை.

2. கட்டியது யார்?

பதிலைக் கேட்க மனைவியோடு வந்த மரியதாஸ் அண்ணை பதறிப்போனார். "நான் கட்டினனான் பிள்ளை! மாதா மேல சத்தியம்."

"மாதாவை விடுங்கோ," என்றார் சிசிலியா அக்கா. "நீங்கள் எங்க வந்தனீங்கள்? கடலுக்கெல்லோ போனனீங்கள். பக்கத்து வீட்டு றோசலின்தானே எல்லாற்ற காசையும் கொண்டு வந்தவள்."

எழுவைதீவில் ஒருவர் வங்கிக்குப் புறப்பட்டால் அயலவர்களின் அலுவல்களும் அவரோடு வள்ளம் ஏறும். றோசலின் அக்கா எல்லோருடைய காசையும் தன் கணக்கில் போட்டு, அதிலிருந்து கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

ஆனால் அவருடைய கணக்கை இவர்களுக்குக் காட்ட முடியாது. அவரே வந்து கேட்க வேண்டும். சிசிலியா அக்கா உடனே தொலைபேசியில் அழைத்தார். மறுபக்கத்துச் சிரிப்பு எனக்கும் கேட்டது.

"என்ர கணக்கால போனதெண்டா எஞ்சினும் என்ரயெல்லோ?"

"அப்ப நாளைக்கு விடிய நீயே கடலுக்குப் போ!" என்று கத்தினார் மரியதாஸ் அண்ணை.

மறுநாள் றோசலின் அக்கா வந்து கையொப்பமிட்டார். இந்தத் தடவை பதிவு கிடைத்தது. திகதி, தொகை, கடையின் பெயர். விபரத்துக்கான இடத்தில் மரியதாஸ் அண்ணையின் பெயரோடு 'எஞ்சின்' என்றும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு றோசலின் அக்காவே பொலிசில் போய் வாக்குமூலம் கொடுத்தார்.

எஞ்சின் கிடைத்த அன்று மரியதாஸ் அண்ணை அதைத் தன் படகில் பூட்டிக்கொண்டு நேரே ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குத்தான் வந்தார். என்னைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே இரண்டு தரம் முறுக்கிக் காட்டினார். "கேட்டியோ பிள்ளை, சத்தத்தை!"

பழைய பதிவு தேடி வருபவர்களிடம் கணக்கு இலக்கம், மாதம், தொகை கேட்கும்படி பயிற்சியில் சொல்லித்தருவார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன். தீவு ஆட்கள் வந்தால் இதையும் கேளுங்கள்:

"அண்டைக்கு வள்ளத்தில வந்தது ஆர்?"