பைன் மரத்தில் ஒரு டூபாக்காரன்

இரண்டு கைகள் பழைய வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக எடுத்து நீவுகின்றன. மடித்தது கலையாமலிருக்க மேலே ஒரு குட்டி மணல் பையை வைத்துவிட்டு அடுத்த மடிப்புக்குப் போகின்றன. பெரிய வீரனின் கைகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவை என்னுடையவை. எங்கள் பாராசூட் டிவிஷனின் பேண்டு குழுவில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதி ஓய்வு பெற்றவன் நான், சவேலி.

இந்த டிவிஷனில் சமையல்காரர், நாய் பழக்குபவர், வாத்தியக்காரர் யாராக இருந்தாலும் குதித்தே ஆக வேண்டும். வாத்தியங்கள் மட்டும் பத்திரமாக லாரியில் வரும். டூபாவாகப் பிறந்திருக்கலாமே என்று விமானத்துக்குள் பலமுறை நினைத்திருக்கிறேன்.

டிவிஷனின் வரலாறும் என்னைப் போலக் கோணலாகத்தான் தொடங்கியது. அது இறங்கிய முதல் போரில் விமானம் கிடைக்காமல், வானத்திலிருந்து குதிக்கப் பழகியவர்கள் சேற்றில் நடந்தே போய்ச் சண்டை போட்டார்கள். பிறகு விமானங்கள் வந்தன, பதக்கங்கள் வந்தன. எல்லாம் இந்த டிவிஷன் அருங்காட்சியகத்தின் சுவரில் இருக்கிறது. நானும் இருக்கிறேன். பயிற்சியின்போது பைன் மரத்தில் சிக்கி, பூட்ஸ் ஒன்று கழன்று, கால்களை உதைத்துக்கொண்டு தொங்கும் படம். கீழே என் பெயர் வேறு போட்டிருக்கிறது.

இன்று டிவிஷனின் ஆண்டு விழா. நண்பகலில் அருங்காட்சியகத்தின் கதவு எல்லோருக்கும் திறக்கும். என் மகள் தாயிஸியாவைக் கட்டப்போகிறவனின் அப்பா, பங்க்ராத் இல்யிச், முதல் முறையாக வருகிறார். "நானும் குதிச்சவன்தான்" என்று தொலைபேசியில் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காப்பாளர் ரிம்மா லுகினிச்னாவிடம் படத்தைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பாராசூட் தெளிவாத் தெரியற படம் இது ஒண்ணுதான், சவேலி பகோமிச். இங்க நிக்கற பொம்மை வீரன் முதுகுல மாட்ட நிஜமான பாராசூட்டை மடிச்சுக் கட்டிக் குடுங்க, கழட்டிடறேன். கதவு திறக்கறதுக்குள்ள."

அதனால்தான் விடிந்ததிலிருந்து தரையில் மண்டியிட்டுக் கிடக்கிறேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எழுந்து விறைப்பாக நிற்பேன். இன்னொருவர் சரிபார்த்த பிறகே அடுத்த கட்டம். அதுதான் எங்கள் வழக்கம். இங்கே அதிகாரி யாருமில்லை. ரிம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

"கயித்தை இழுத்துப் பாருங்க."

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாட்டியும் இழுங்க."

ஆறின சூப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்து, இழுத்து, "சரி" என்பார். நான் மறுபடி மண்டியிடுவேன்.

ஒரு வழியாகப் பாராசூட் பை மூடியது. கடைசியில் சாமான்களை எண்ணி அடுக்க வேண்டும். மணல் பை ஐந்து. கையில் இருந்தது நான்கு. சட்டைப்பையில் பார்த்தேன், மேசைக்கடியில் பார்த்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி தேடினேன்.

"உள்ளே ஒரு மணல் பை மாட்டிக்கிச்சு."

"பொம்மை எங்க குதிக்கப்போகுது? விடுங்க. படத்தைக் கழட்டட்டுமா?" என்று முக்காலியையே கொண்டு வந்துவிட்டார்.

என் மானத்துக்கும் எனக்கும் நடுவே அந்த முக்காலி மட்டும்தான். உள்ளே மணல் பை சிக்கினால் பாராசூட் திறக்காமல் போகலாம். அப்படி மூடிய ஒன்றைக் கையிலிருந்து விட்டதில்லை நான். எத்தனை மரத்தில் தொங்கினாலும் அது ஒன்றைச் செய்ததில்லை.

"கொஞ்சம் இருங்க," என்று பையைப் பிரித்தேன். துணி தரை முழுக்க வழிந்தது.

மணல் பையை எடுத்துவிட்டு மறுபடி மடிக்கத் தொடங்கினேன். பாதி மடிப்பில் கதவு திறந்தது. எதிரே பளபளக்கும் பூட்ஸ்.

"சுவர்ல தொங்கறது யாரு, நீங்களா?" பங்க்ராத் இல்யிச் கேட்டார்.

"நான்தான். அன்னைக்கு மரம் நடுவுல வந்துடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"இப்ப என்ன செய்யறீங்க?"

"அடுத்த கட்டம். கயித்தை இழுத்துப் பாருங்க."

இழுத்தார். ரிம்மாவைவிடப் பலமாக. "சரி," என்றார்.

பை மூடியது. எண்ணினேன். ஐந்தும் இருந்தன. பாராசூட்டை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினேன்.

"பிடிங்க. இதை மாட்டிக்கிட்டு யாரும் குதிக்கலாம்."

"மரத்துல மாட்டாதே?"

"திறக்கும். அதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு," என்று அவர் கையில் கொடுத்தேன்.